கர்ப்பப்பை எடுத்த பிறகு வீட்டில் எப்படி இருக்க வேண்டும்? திருகோணமலைப் பெண்களிடம் ஒரு கேள்வி

உப்புவெளிக்காரி (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 44 வயது. கர்ப்பப்பையில் கட்டிகள். மாதவிடாய் வந்தால் நிற்பதே இல்லை, கட்டி கட்டியாகப் படுகிறது. வீட்டுப் படியேறினாலே மூச்சு வாங்குகிறது. குருதிச்சோகைக்கு மாத்திரை எடுத்துக்கொண்டே இருக்கிறேன். வயிற்றைக் கீறிக் கர்ப்பப்பையை எடுப்பதென்று முடிவாகி, தேதியும் தந்துவிட்டார்கள்.

ஒபரேஷனை நினைத்து எனக்குப் பெரிய பயமில்லை. அதற்குப் பிறகு வருகிற நாட்களை நினைத்தால்தான் கலக்கமாக இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர்தான் பாவிக்கிறோம். குந்தியிருக்கிற கழிப்பறை. கணவர் விடியப் போனால் இருட்டின பிறகுதான் வருவார். மாமிக்கு முழங்கால் வலி. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். கேட்கிற ஆட்களெல்லாம் "ஒரு கிழமையில் எழும்பி நடப்பாய், அதன் பிறகு ஒரு குறையும் இராது" என்கிறார்கள். எழும்பி நடப்பது வேறு, உலை வைத்து வடிப்பது வேறு. அனுபவப்பட்டவர்கள் மறைக்காமல் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி, பாலையூற்று:

தங்கச்சி, பெண்கள் வாட்டில் நெடுங்காலம் வேலை செய்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் டொக்டரிடம் ஒரு கேள்விக்குப் பதில் வாங்குங்கள். எதை எடுக்கப் போகிறார்கள்? கர்ப்பப்பை மட்டுமா, கர்ப்பப்பைக் கழுத்தும் சேர்த்தா, முட்டை விளைகிற சூலகங்களும் போகுமா? "கர்ப்பப்பை ஒபரேஷன்" என்று ஊரில் ஒரே பெயரால் சொல்கிறோம். ஆனால் அதன் பிறகு வருகிற வாழ்க்கை இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது. சூலகங்கள் இருந்தால் உடம்புக்கு வேண்டிய ஓமோன் தொடர்ந்து சுரக்கும். மாதவிடாய் மட்டும் வராது. இரண்டு சூலகங்களையும் எடுத்தால் அன்றைக்கே மாதவிடாய் நிற்கும் பருவம் தொடங்கிவிடும். கழுத்தை விட்டுவைத்தால், வழக்கமான கழுத்துப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்ய வேண்டும். என்ன எடுத்தார்கள் என்பது வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற நோய் நிர்ணய அட்டையில் இருக்கும். அதை லேமினேட் செய்யாமல் படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வயிற்றைக் கீறினால் பெரும்பாலும் 2 முதல் 5 நாள் வரை வாட்டில் வைத்திருப்பார்கள். அடுத்த நாளே எழுப்பி உட்காரவைத்து, நடக்கச் சொல்வார்கள். அது கொடுமையில்லை. படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும். அது நெஞ்சுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எழும்பும்போது நேராக எழும்பாதீர்கள். முழங்காலை மடித்து, ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழும்ப வேண்டும். இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் மடித்த துவாயொன்றைக் காயத்தின்மேல் அழுத்திப் பிடியுங்கள். வாட்டுக்குப் போகும்போதே தடித்த துவாய் ஒன்றைப் பையில் வையுங்கள். அது எவ்வளவு உதவும் என்பது முதல் தும்மலில் தெரியும்.

ஊரார் சொல்கிற அந்த ஒரு கிழமையில் வெளித்தோல்தான் ஒட்டும். உள்ளே தையல் போட்ட இடம் ஆறி உறுதியாக 6 முதல் 8 கிழமை செல்லும். அதுவரை பாரம் தூக்கக்கூடாது. தண்ணீர் நிறைந்த வாளி 10 கிலோவுக்குக் குறையாது. கேஸ் சிலிண்டரை 12.5 கிலோ என்கிறோம், இரும்பின் எடையையும் சேர்த்தால் அது இரு மடங்கு வரும். உலைப்பானையைச் சரித்து வடிப்பது, நனைந்த போர்வையைப் பிழிவது, துருவலையில் குந்தித் தேங்காய் துருவுவது, நுளம்புவலை கட்டக் கையை எட்டி உயர்த்துவது எல்லாம் வயிற்றுத் தசையை இழுக்கிற வேலைகள். இவற்றை யார் செய்யப்போகிறார்கள் என்பதை வாட்டுக்குப் போகுமுன்பே வீட்டில் பேசி முடியுங்கள். வந்த பிறகு பேசலாம் என்றால், கண்முன்னே வெறும் குடத்தைப் பார்த்ததும் உங்கள் கைதான் முதலில் போகும்.

மூதூர் ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும். தாதி அக்கா சொன்ன வாளி விசயம் நூற்றுக்கு நூறு உண்மை.

எனக்குக் கர்ப்பப்பை இறங்கி வந்ததால் கீழ்வழியாக எடுத்தார்கள். வயிற்றில் காயமில்லை. வெளியில் காயம் தெரியாததே எனக்குப் பெரிய தொல்லையாகிப் போனது. "உனக்கென்ன, வெட்டவே இல்லையே" என்று சொந்தக்காரர்கள் வந்து வந்து கேட்டார்கள். காயம் உள்ளே இருக்கிறது என்பதை ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்தவே களைத்துப்போனேன். கடைசியில் என் மூத்த மகள் வாசலில் நின்று, "உம்மாவுக்குப் பெரிய ஒபரேஷன் நடந்திருக்கிறது, தேநீர் நான் ஊற்றித் தருகிறேன்" என்று வருகிறவர்களிடம் சொல்லத் தொடங்கினாள். அதன் பிறகுதான் எனக்கு ஓய்வு என்ற ஒன்று கிடைத்தது.

கழிப்பறைக்கு ஒரு வழி சொல்கிறேன். நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் கதிரை, இல்லாவிட்டால் கொமோட் கதிரை ஒன்றை இரவல் வாங்கிக் குந்தும் தட்டின்மேல் வையுங்கள். அசையாமல் இருக்கிறதா என்று முதலில் வேறொருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மலச்சிக்கலை வரவிடவே கூடாது. முக்கினால் தையலுக்கும் கேடு, அடிவயிற்றைக் கீழிருந்து தாங்குகிற அடித்தசைக்கும் கேடு. பப்பாசிப்பழம், கீரை, நிறையத் தண்ணீர் வேண்டும். அப்படியும் போகாவிட்டால் வெட்கப்படாமல் டொக்டரிடம் மருந்து கேளுங்கள். வலிக்குத் தருகிற சில மாத்திரைகளே மலத்தை இறுக்கும்.

தொழுகையைப் பற்றி நம் பெண்களுக்குச் சந்தேகம் இருக்கும். கதிரையில் இருந்து தொழுதேன். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அது. சுஜூதுக்குக் குனிந்து எழும்பித்தான் தீர வேண்டும் என்று யாரும் உங்களை வருத்த இடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்த பிறகு எங்கள் பக்கத்திலிருந்து ரவுனுக்கு வருவது எவ்வளவோ இலகு. என்றாலும் கிளினிக்குக்கு வரும் நாளில் பஸ்ஸின் பின் ஆசனத்தில் இருக்காதீர்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் வயிறு அதிரும். முன்பக்கமாக ஓர் இடம் கேட்டு வாங்குங்கள்.

லிங்கநகர் வாசகி:

எல்லோரும் ஒபரேஷன் உறுதி என்றே பேசுகிறீர்கள். அது தேவைதானா என்று யாராவது கேட்டீர்களா? 44 வயது. இன்னும் சில வருடத்தில் மாதவிடாய் தானாக நிற்கும், கட்டியும் சுருங்கும். என் சகோதரிக்கும் இதே பிரச்சினைதான். கர்ப்பப்பைக்குள் ஓமோன் விடுகிற சாதனமொன்றை வைத்தார்கள், இரத்தப்போக்கு நன்றாகக் குறைந்துவிட்டது. கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையை விட்டுவைக்கவும் முடியும். எடுத்த உறுப்பைத் திரும்ப வைக்க முடியாது. எடுத்ததற்கெல்லாம் கத்தியைத் தூக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

ஓய்வுபெற்ற தாதி, பாலையூற்று:

லிங்கநகர்த் தங்கச்சி கேட்பது நியாயமான கேள்வி. புற்றுநோய் இல்லாத நிலையில் பெரும்பாலும் வேறு வழிகளும் உண்டு. மாதவிடாய் நாட்களில் எடுக்கும் டிரனெக்சாமிக் அசிட் மாத்திரை, நீங்கள் சொன்ன சாதனம், கட்டியை மட்டும் அகற்றுதல் எல்லாமே நல்ல சிகிச்சைகள்தான். ஆனால் கட்டி மிகப் பெரியதாகவோ உட்குழியை நெளித்தோ இருந்தால் சாதனம் தங்காமல் வெளியே வந்துவிடலாம். மாதவிடாய் நிற்பதற்கு இன்னும் ஆறேழு வருடம் இருந்தால், அதுவரை இந்தச் சோகையோடு அந்தப் பெண் எப்படி நடமாடுவது? உப்புவெளித் தங்கச்சி தன் டொக்டரிடம் "எனக்கு வேறு வழி பொருந்துமா, ஏன் பொருந்தாது" என்று ஒருமுறை கேட்கட்டும். பதில் திருப்தியாக இருந்தால் மனம் ஒப்பிப் போகலாம். மனம் ஒப்பிப் போகிறவர்கள் விரைவாகத் தேறுவதை வாட்டில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

தேதிக்கு முன் இரத்த அளவை ஏற்றுவது முக்கியம். இரும்புச்சத்து மாத்திரை எடுத்த கையோடு தேநீர் குடிப்பது நம் வீடுகளில் வழக்கம். தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் இடையில் ஒன்றிரண்டு மணித்தியாலம் விடுங்கள். மாத்திரையைத் தோடம்பழச் சாற்றோடு எடுத்தால் நல்லது.

உப்புவெளிக்காரி:

லிங்கநகர் அக்கா, சாதனம் வைத்துப் பார்த்தோம், தங்கவில்லை. மாத்திரையும் எடுத்தேன். அதனால்தான் இந்த முடிவு. ஆனாலும் நீங்கள் கேட்டது நல்லது. இதை வாசிக்கிற இன்னொருத்திக்கு அது தேவைப்படும்.

சூலகத்தைப் பற்றி நாளைக்கே கேட்கிறேன். இதுவரை யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சாம்பல்தீவு:

கட்டாயம் கேளுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். கையெழுத்து வாங்கினார்கள், நானும் போட்டேன். வீட்டுக்கு வந்து சில நாளிலேயே இரவில் உடம்பு கொதிக்கத் தொடங்கியது. நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறும். சில நிமிடத்தில் தலையணை உறை நனையும். பிறகு குளிர் நடுக்கம். காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் விழுங்கிக்கொண்டிருந்தேன். தூக்கமில்லாமல் பிள்ளைகள்மீது எரிந்து விழுந்தேன். காரணம் தெரியாமல் ஒருநாள் முழுக்க அழுதேன். பிறகு கிளினிக்கில் ஓர் இளம் டொக்டர் அட்டையை எடுத்து வாசித்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு இரண்டு சூலகமும் எடுத்திருக்கிறது, தெரியாதா?" என்று கேட்டார். அப்போது எனக்கு 41 வயது.

எடுத்ததற்குக் காரணம் இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். என் உடம்பில் நடந்ததை நான் வேறொருவர் வாயால் அறிய வேண்டி வந்தது. இதை எழுதும்போதும் ஆத்திரம் வருகிறது.

இப்போது ஈஸ்திரோஜன் மாத்திரை எடுக்கிறேன். கொதிப்பு அடங்கிவிட்டது, தூக்கம் வருகிறது. ஆனால் ஊரில் பாதிப் பேர் "ஓமோன் எடுத்தால் மார்பில் புற்றுநோய் வரும்" என்று பயமுறுத்துகிறார்கள். தாதி அக்கா, இதற்கு ஒரு பதில் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி, பாலையூற்று:

சாம்பல்தீவுத் தங்கச்சி, உங்கள் ஆத்திரம் முழுக்க நியாயம். ஒப்புதல் படிவம் வெறும் கடதாசி ஆகிவிடக்கூடாது.

இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது சராசரியாக 50, 51. அதற்கு வெகு முன்னரே இரண்டு சூலகங்களும் போனால் கொதிப்போடு காரியம் முடியாது. எலும்பு தேயும், இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும். அதனால்தான், தடையான வேறு நோய் இல்லாவிட்டால், இயல்பான அந்த வயது வரையாவது ஓமோன் எடுக்கச் சொல்கிறார்கள்.

புற்றுநோய்ப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு ஈஸ்திரோஜனோடு புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கர்ப்பப்பையின் உட்படலத்தைக் காப்பதற்காக அது. மார்புப் புற்றுநோய் வாய்ப்புக் கூடியது பெரும்பாலும் அந்தச் சேர்க்கையில்தான். கர்ப்பப்பை இல்லாதவருக்கு ஈஸ்திரோஜன் மட்டும் போதும். அமெரிக்காவில் கர்ப்பப்பை அகற்றிய, 50 முதல் 79 வயதுக்கு உட்பட்ட 10,739 பெண்களிடம் இதைச் சோதித்து 2004 இல் வெளியிட்டார்கள். ஈஸ்திரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் மார்புப் புற்றுநோய் கூடவில்லை. பக்கவாதம் கூடியது. ஆகவே இரத்த அழுத்தம், முன்பு இரத்தம் உறைந்ததா, ஈரல் நோய் உண்டா என்பதெல்லாம் பார்த்து டொக்டர்தான் தர வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாத்திரையை வாங்கி விழுங்குகிற விசயமில்லை. மார்புப் புற்றுநோய் ஏற்கெனவே வந்தவர்களுக்கு வேறு கணக்கு.

எலும்புக்கு: நடை, வெயில், குரக்கன், முள்ளோடு தின்னும் நெத்தலி, கிண்ணியாத் தயிர். இவை நம் கையில் இருக்கின்றன.

தம்பலகாமம் தம்பி:

பெண்கள் பேசுகிற இடத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு அடுத்த மாதம் இந்த ஒபரேஷன். வீட்டில் நானும் அப்பாவும்தான். அம்மா எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று யாராவது எழுதினால் அதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன்.

ஓய்வுபெற்ற தாதி, பாலையூற்று:

தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு குறையும் இல்லை. ஒட்டுங்கள்.

38 பாகைக்கு மேல் காய்ச்சல். ஒரு மணித்தியாலத்துக்குள் நப்கின் ஒன்று முழுதாக நனைகிற அளவு இரத்தம். நாற்றத்தோடு வெள்ளை படுவது. காயம் சிவந்து வீங்குவது, சீழ் வடிவது, வாய் திறப்பது. வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடுவது. சிறுநீர் கழிக்க முடியாமை, அல்லது அடக்க வழியில்லாமல் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருப்பது. விடாத வாந்தியும் வயிறு ஊதுவதும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி. கால் வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் இரவோடு இரவாக 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

சிறிதளவு கசிவு சில கிழமை இருக்கும், 6 கிழமை வரையும் இருக்கலாம். அதற்குப் பயம் வேண்டாம். கசிவு நிற்கும்வரை உள்ளே எதையும் வைக்கக்கூடாது.

அம்மா வாய்விட்டுச் சொல்லமாட்டார் என்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களிடம் "வலிக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "நேற்றைவிடக் கூடவா குறைவா?" என்று கேளுங்கள். பதில் வரும்.

மட்டிக்களி அன்ரி:

சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. எங்கள் வீட்டில் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைத்துத்தான் கொடுத்தோம். மிளகு, சீரகம், மல்லி, உள்ளி, மஞ்சள். பால்சுறா வறையும் முருங்கையிலைச் சுண்டலும். நல்லெண்ணெய் விட்டு உளுத்தங்களி. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது போலத்தான். வயிற்றில் வெட்டுப்பட்டவளுக்கும் அதே பராமரிப்பு வேண்டும். தண்ணீர் மட்டும் அதிகம் கொடுக்கக்கூடாது, காயம் ஊறிவிடும்.

மூதூர் ராத்தா:

அன்ரி, சரக்குக் கறி சரி. தண்ணீரைக் குறைப்பதை ஏற்கமாட்டேன். குடிக்காவிட்டால் மலம் இறுகும், சிறுநீர் கடுக்கும். குடித்த தண்ணீர் காயத்துக்குப் போவதில்லை.

ஓய்வுபெற்ற தாதி, பாலையூற்று:

ராத்தா சொன்னதே சரி. அன்ரியின் கறியில் குறையில்லை. மீனும் கீரையும் பருப்பும் காயம் ஆறத் தேவையானவை. முட்டை கூடாது, மீன் கூடாது, பழம் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியில் சோறும் ரசமும் மட்டும் கொடுக்கிற வீடுகளைத்தான் நான் கண்டிருக்கிறேன். அப்படிக் கிடந்த காயங்கள் ஆற நாளாகும். நீரிழிவு உள்ளவர்கள் களிக்குச் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம்:

ஒரு விசயம் கேட்க வேண்டும். இதைக் கேட்க எனக்கு வேறு இடமில்லை. எப்போது கணவனோடு சேரலாம்? கர்ப்பப்பை போனால் அந்த ஆசையும் போய்விடும், உள்ளே வெறுமையாக இருக்கும் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். அவருக்கும் அந்தப் பயம் இருப்பதாகத் தெரிகிறது. கேட்கவும் மாட்டார், கிட்ட வரவும் மாட்டார்.

ஓய்வுபெற்ற தாதி, பாலையூற்று:

கேட்டதற்கு நன்றி, தங்கச்சி. கிளினிக் கதவு வரை வந்து கேட்காமல் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

குறைந்தது 4 முதல் 6 கிழமை பொறுக்க வேண்டும். கசிவு நின்று, கிளினிக்கில் உட்தையல் ஆறிவிட்டது என்று சொன்ன பிறகு சேரலாம். கர்ப்பப்பை இருந்த இடத்துக்குக் குடல் இறங்கி அமர்ந்துகொள்ளும், வெறுமை ஒன்றும் இராது. பெண்ணுறுப்பின் மேல்முனையைத் தைத்து மூடியிருப்பார்கள். கணவருக்கு அது வித்தியாசமாகத் தெரியாது.

ஆசை போய்விடும் என்பதற்கு: அமெரிக்காவின் மேரிலன்ட் மாநிலத்தில் இந்த ஒபரேஷன் செய்துகொண்ட 1,100 பெண்களை இரண்டு வருடம் தொடர்ந்து விசாரித்து 1999 இல் எழுதினார்கள். உறவின்போது வலி இருப்பதாக ஒபரேஷனுக்கு முன் சொன்னவர்கள் 18.6 வீதம். இரண்டு வருடத்தின் பின் 3.6 வீதம். மொத்தத்தில் உறவு முன்பைவிட நன்றாகவே இருந்தது. இரத்தமும் வலியும் ஓய்ந்தால் மனம் தானாகத் திரும்பும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு ஆசை குறைகிறது. சூலகம் எடுத்தவர்களுக்கு வறட்சி வரும், எரியும். அதற்கு வழுக்கும் ஜெல் உண்டு, உள்ளே பூசுகிற ஈஸ்திரோஜன் கிறீமும் உண்டு. எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுக்கத் தேவையில்லை.

அவர் கிட்ட வராமல் இருப்பது உங்களுக்கு நோகும் என்ற பயத்தாலாக இருக்கலாம். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப்போய் டொக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

சாம்பல்தீவு:

கர்ப்பப்பைக் கழுத்தை விட்டுவைத்தால் அந்தச் சுகம் குறையாது என்று எனக்கு ஒருவர் சொன்னார். அது உண்மையா?

ஓய்வுபெற்ற தாதி, பாலையூற்று:

அப்படி நம்பித்தான் பலர் விட்டுவைத்தார்கள். இங்கிலாந்தில் 279 பெண்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வு 2002 இல் வந்தது. உறவிலோ சிறுநீரிலோ மலம் கழிப்பதிலோ ஒரு வித்தியாசமும் காணவில்லை. கழுத்தை விட்டுவைத்தவர்களில் ஏறக்குறைய 7 வீதம் பேருக்கு மாதாமாதம் கொஞ்சம் இரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது.

சிறு துளையிட்டுக் கேமரா வழியாக, கீழ்வழியாக, வயிற்றைக் கீறி என்ற மூன்று முறைகளையும் ஒப்பிட்டு, பெண் எவ்வளவு காலத்தில் வழமையான வேலைகளுக்குத் திரும்புகிறாள் என்று அளக்கும் ஆய்வொன்றை நம் நாட்டிலேயே இராகமையிலும் மன்னாரிலுமாகத் தொடங்கினார்கள். மன்னாரில் நடந்தது என்பதில் எனக்குத் தனிச் சந்தோசம். கொழும்பில்தான் எல்லாம் என்றிருக்கக்கூடாது. உடலமைப்பும் கட்டியின் அளவும் இடங்கொடுத்தால், பெரிதாகக் கீறாத முறைகளில் பொதுவாக வீடு திரும்புவதும் வலி குறைவதும் சீக்கிரம். கட்டி மிகப் பெரிதென்றால் பெரும்பாலும் கீற வேண்டி வரும்.

பள்ளி ஆசிரியை, நிலாவெளி வீதி:

இந்த இழையில் எல்லோரும் உடம்பைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு மனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் பிள்ளை பிறந்த அன்று இரத்தம் நிற்கவில்லை. உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கண் விழித்தபோது பிள்ளையைக் காட்டினார்கள். மற்றதைப் பிறகுதான் சொன்னார்கள். என்னைக் காப்பாற்றியவர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் "உயிர் பிழைத்தாயே, அதுவே போதும்" என்று சொல்கிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்தது. அந்த ஆசைக்கு அழ எனக்கு யாரும் இடம் தரவில்லை. பாலூட்டிக்கொண்டே அழுதேன், "பால் கெட்டுவிடும்" என்றார்கள்.

பத்திரகாளி அம்மன் கோயிலில் ஒரு பெண் என்னைப் பார்த்து "அடுத்தது எப்போது?" என்று கேட்டாள். அன்றைக்கு முதல்முறையாக "எனக்குக் கர்ப்பப்பை இல்லை" என்று ஒரு வெளியாளிடம் சொன்னேன். அவள் வாயடைத்துப் போனாள். எனக்கு நெஞ்சு இலேசானது. பிறகு மனநல கிளினிக்குக்கும் போனேன், மாத்திரையும் எடுத்தேன். அதில் ஒரு வெட்கமும் இல்லை. இதை வாசிக்கிற யாராவது தனியாக இருந்து அழுதுகொண்டிருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றியும் ஒன்று. காயம் ஆறியதும் பள்ளிக்கூடம் போனேன். நிற்க முடியவில்லை. களைப்பு என்பது தூங்கி எழுந்தால் போகிற களைப்பில்லை. காலையில் நன்றாக இருக்கும், பதினொரு மணிக்குக் கால்கள் தளரும். கதிரையில் இருந்தபடி பாடம் எடுக்க அதிபர் அனுமதித்தார். கேட்டுப் பெறுங்கள்.

லிங்கநகர் வாசகி:

ரீச்சர், நீங்கள் எழுதியதை என் சகோதரிக்கு வாசித்துக் காட்டினேன். இருவரும் அழுதோம்.

மூதூர் ராத்தா:

அடித்தசைப் பயிற்சியை யாரும் சொல்லவில்லை. காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவது போல உள்ளே இழுத்துப் பிடித்து, மெல்ல விடுவது. சிறுநீர் போக வைத்த குழாயைக் கழற்றி, சிறுநீர் ஒழுங்காகப் போகத் தொடங்கிய பிறகு செய்யலாம். முதலில் சில விநாடி, பிறகு பத்து விநாடி வரை, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகக்கூடாது. தும்மினால் துணி நனைகிற நிலை எனக்கு இதால்தான் மாறியது. வயிற்றைச் சுற்றித் துணியை இறுகக் கட்டினால் போதும் என்று சொல்கிறார்கள். தளர்வாகக் கட்டினால் நடக்க இதமாக இருக்கும், இறுக்கினால் பாரம் கீழே தள்ளும்.

உப்புவெளிக்காரி:

டொக்டரிடம் கேட்டேன். கர்ப்பப்பை, அதன் கழுத்து, சூலகத்திலிருந்து முட்டை வருகிற இரண்டு குழாய்கள் எடுக்கப்படும். சூலகங்கள் பார்வைக்கு நன்றாக இருந்தால் விட்டுவைப்பார்கள். குழாய்களை எடுப்பதால் பின்னாளில் சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறையும் என்று விளங்கப்படுத்தினார். கேட்டதற்குக் கோபிக்கவில்லை. படிவத்திலும் அப்படியே எழுதச் சொன்னேன், எழுதினார்.

வீட்டிலும் பேசிவிட்டேன். கணவர் விடியற்காலையில் தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவதாகச் சொல்கிறார். உலையை மகன் வடிப்பான். 15 வயது, இதுவரை அடுப்பங்கரைப் பக்கம் வந்ததில்லை, இப்போது பழகுகிறான். நேற்று முதல் தடவை வடித்தான். கஞ்சி பாதி சோற்றோடு நின்றுவிட்டது, மாமி ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். கொமோட் கதிரை பாலையூற்றில் ஒரு வீட்டில் இரவல் கிடைக்கிறது.

இன்னும் ஒரு சந்தேகம். எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். அதன் முடிவு தானாக வீட்டுக்கு வருமா? சூலகம் இருந்தும் மாதவிடாய் வராவிட்டால், அது நிற்கிற காலம் வந்துவிட்டது என்று எப்படி அறிவது?

ஓய்வுபெற்ற தாதி, பாலையூற்று:

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாட்டிலிருந்து வெளிக்கிடும்போதே "பயொப்சி அறிக்கை எப்போது, எங்கே எடுப்பது" என்று கேட்டு, தேதியையும் மாதிரி இலக்கத்தையும் அட்டையின் பின்புறம் எழுதுவியுங்கள். அந்த நாளில் யாராவது ஒருவர் நேரே போய் வாங்க வேண்டும். கட்டி சாதாரணமானதுதான் என்று எல்லோரும் சொன்னாலும், அறிக்கையை டொக்டர் வாசித்துச் சொல்லும் வரை காரியம் முடியவில்லை. வலியில்லை, சுகமாக இருக்கிறேன் என்று அறிக்கையை எடுக்காமல் விட்டவர்கள் உண்டு.

இரண்டாவது: சூலகம் இருந்தாலும், கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குச் சற்று முன்னதாகவே அந்தப் பருவம் வரலாம். மாதவிடாயை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது. இரவு வியர்வை, திடீர்க் கொதிப்பு, தூக்கமின்மை, வறட்சி தொடங்கினால் கிளினிக்கில் சொல்லுங்கள், தேவையென்றால் இரத்தம் சோதிப்பார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்கும் போகலாம். 1996 இல் தொடங்கிய சேவை அது, இலவசம். கர்ப்பப்பை இல்லையே, எனக்கெதற்கு என்று விடாதீர்கள். மார்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அங்கே பார்ப்பார்கள். எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

மகனுக்குச் சொல்லுங்கள்: மூடியைத் துணியால் இறுகப் பிடித்துப் பானையை இன்னும் கொஞ்சம் சரித்து வைத்தால் கஞ்சி முழுதாக வடியும்.